கம்பம்மெட்டு அடிவாரத்தில் பிடிக்காமல் போன பிரேக்

மலை முழுக்கப் பிடித்த பிரேக், அடிவாரத்தில் ஐந்து நிமிடம் நின்று கிளம்பியதும் ஏன் பிடிக்கவில்லை? மறுநாள் காலை அதே பிரேக் எப்படிச் சரியாக இருந்தது?

எட்டு மாதமாக அழகுமலைக்கு விடை தெரியவில்லை. ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. அன்று கம்பம்மெட்டு இறக்கம் ஏறக்குறைய முடியும் இடத்தில் வழக்கம்போல் டீக்கு நிறுத்தினார். மறுபடி எடுத்தபோது, கடைசிச் சரிவில் பெடல் தரைவரை போனது. ஜீப் புளியமரத்தில் மோதியது. முன்சீட்டில் இருந்த அவர் மனைவி கஸ்தூரியம்மாள் இறந்துபோனார்.

"மறுநா போலீசுல வந்து அமுக்கிப் பாத்தாக. பிரேக்கு கல்லு மாதிரி இருக்குன்டாக. நான் பொய் சொல்றேன்னு கேசு, பாய்."

கேட்டுக்கொண்டிருந்தவர் ஷரீப். அழகுமலையின் பள்ளித் தோழர். சென்னையில் ஒரு வண்டிக் கம்பெனியில் முப்பத்திரண்டு ஆண்டு வேலை பார்த்து, சர்வீஸ் பிரிவின் தலைவராக ஓய்வு பெற்று உத்தமபாளையம் திரும்பியவர். அந்த ஜீப்பும் அவர் கம்பெனி தயாரித்ததுதான்.

அழகுமலையின் மகள் திரிஷா கதவோரம் நின்றாள். அம்மா போனதிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. "போன் பேசிக்கிட்டே ஓட்டியிருப்பாரு, மாமா. பிரேக்கு என்ன, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டு மறுநா திரும்பி வருமா?"

"வரும் தாயி," என்றார் ஷரீப். "அழகுமலை, பிரேக் ஆயில் எப்ப மாத்துன?"

"கொறஞ்சா ஊத்துவேன். மாத்த மூணு வருசம்னு கம்பெனி குடுத்த புத்தகத்துல போட்டிருக்கே. அப்ப வண்டிக்கு ரெண்டரைதான ஆச்சு?"

ஷரீப் எழுந்தார். பிறகு கொல்லையில் கிடந்த ஜீப்பிலிருந்து கொஞ்சம் ஆயிலை வடித்தார். அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து மணலைச் சூடாக்கி, இரண்டு கிண்ணங்களைப் பாதி புதைத்தார். ஒன்றில் அந்தப் பழைய ஆயில், இன்னொன்றில் புதியது. பழையது சிறிது நேரத்தில் கொப்புளம் விட்டது. புதியது அசையவில்லை.

"பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மேல எந்நேரமும் மஞ்சு மூட்டந்தான? ஈரம் சேந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். இறங்கும்போது வீசுற காத்து சக்கரத்தை ஆத்திக்கிட்டே வரும். நின்னா காத்து இல்ல, சூடு முழுக்க ஆயில்ல ஏறும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நீ மிதிச்ச மிதியெல்லாம் ஆவியை அமுக்கத்தான் போச்சு. ராத்திரி ஆறுனா ஆவி மறுபடி தண்ணியாயிரும். காலைல பிரேக்கு கல்லுதான்."

திரிஷா கிண்ணத்தையே பார்த்தாள். "மூணு வருசம்னு போட்டது யாரு?"

"நாந்தான். ரெண்டு வருசம், மலையில ஒண்ணுனு இருந்துச்சு. பராமரிப்புச் செலவு கம்மினு விளம்பரம் பண்ண, நான் அதை அடிச்சு மூணுனு எழுதுனேன். அந்த வருசந்தான் என்னைத் தலைவராக்குனாக."

 அடுப்பில் மணல் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் திரிஷா. எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. "அடுப்ப அமத்துங்க."

அழகுமலை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவளே போய் அமர்த்தினாள்.

ஷரீப் தாள் எடுத்து, நீதிமன்றத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே கடிதமாக எழுதினார். ஓட்டுநர் மேல் தவறில்லை, தவறு தன்னுடையது என்று முதலில் எழுதினார். கடைசி வரி இது: மலையில் ஓடும் வண்டிக்குப் பிரேக் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.