தண்ணி ஓப்பன்

தாராவி சுரேந்திரனுக்கு நீச்சல் தெரியாது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள். ஆனால் கல்யாண பயோடேட்டாவில் ‘ஹாபி’ என்ற இடம் காலியாகக் கிடக்கிறதே என்று, அவன் அம்மா பேராச்சி அங்கே ‘நீச்சல்’ என்று போடச் சொல்லிவிட்டாள். பெல்ட் பட்டறையில் தோல் வெட்டுகிறவனை மேனேஜர் ஆக்கினாள். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டினாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். இவள் மூன்றோடு நிறுத்தியதே புண்ணியம்.

பெண் கலைச்செல்வி தேவ்நார்க்காரி, மராத்திப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடம் தட்டிப்போனால் நான் செத்தேன் என்று பட்டறை முழுக்கச் சொல்லித் தீர்த்தான். அவளோ, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் வேண்டாம், செம்பூர்ப் பக்கத் தலாவில், அதாவது ஏரியில், பெடல் போட்டில் போய்ப் பேசலாம் என்று சொல்லியனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு குடும்பமும் ஏரிக்கரை பெஞ்சில் வடாபாவும் கையுமாக உட்கார்ந்தது. தலாவ் அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் ஆகாயத் தாமரை, இன்னொரு பக்கம் பிள்ளையார் கரைக்கிற படித்துறை, நடுவில் தகதகவென்று தண்ணீர். படகுத்துறையில் துருப்பிடித்த போர்டு ஒன்று: ‘பாணி கோல் ஆஹே.’ சுரேந்திரன் படித்தது ஹிந்திப் பள்ளிக்கூடம். ஹிந்தியில் ‘கோல்’ என்றால் திற.

“தண்ணி ஓப்பன்னு போட்டிருக்கான். வாங்க, போவோம்!” என்று கெத்தாக ஏறி உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்த கலைச்செல்வி, உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள்.

நடு ஏரிக்குப் போனதும் பெடல் நின்றுவிட்டது. மிதிமிதியென்று மிதித்தும் படகு அசையவில்லை.

“நல்லவேளை, உங்களுக்கு நீச்சல் தெரியும்” என்றாள் கலைச்செல்வி. “போர்டப் பாத்தீங்கள்லா?”

“பாத்தேனே. தண்ணி ஓப்பன்.”

“அது ஹிந்தில. மராத்தில கோல்னா ஆழம்.”

அவ்வளவுதான், அவன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதுங்க!” என்று அலறினான். “நான் மேனேஜரும் இல்ல, தோலு வெட்டுதவன்! அஞ்சு எட்டும் இல்ல, அஞ்சு ஆறு! அதுவும் செருப்போட சேத்து!”

“வேற?”

“வேற... உங்க போட்டோவ போன்ல வால்பேப்பரா வச்சிருக்கேன். சாவப்போற நேரத்துல சொல்லுதேன், அது நெசம்.”

அலறல் கேட்டுப் படகுக்காரன் பைசான் கரையிலிருந்து வந்தான். நீந்தி அல்ல, நடந்து! தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டவில்லை. வருஷா வருஷம் பிள்ளையார் கரைந்து கரைந்து ஏரி முழுக்கக் களிமண், போர்டு வைத்து முப்பது வருஷமாகிறது, பேசாமல் இறங்கித் தள்ளு என்று ஹிந்தியில் திட்டிவிட்டு வந்த வழியே நடந்தான்.

சுரேந்திரனுக்கு மானம் போயே போய்விட்டது. அழுகையே வந்தது.

“உங்களுக்குத் தெரியுமா, ஆழமே இல்லன்னு?”

“தெரியும். உங்களுக்கு முந்தி ரெண்டு பேரு வந்தாங்க. அவங்களுக்கும் ஹாபி நீச்சல்தான். ஒருத்தரு ஆழம்னதும் போன் வந்த மாதிரி நடிச்சாரு. இன்னொருத்தரு டைவே அடிச்சிட்டாரு. தல சேத்துல, காலு ரெண்டும் மேல.”

“அப்போ... நம்ம விஷயம்?”

அவள் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சரி, நம்ம கதை முடிந்தது என்று அவன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். மூச்சைப் பிடித்துத் தள்ளினான். படகு நகர்வேனா என்றது.

பக்கத்தில் தொப்பென்று சத்தம். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு கலைச்செல்வியும் சேற்றில் நின்றாள்.

“ஏலே, புள்ளைய எங்கலே எறக்குத? முங்கிரப் போறீய!” என்று கரையில் பேராச்சி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“ஒத்தையில தள்ளுனா எப்படி நகரும்?” என்றாள் கலைச்செல்வி, படகில் கை வைத்தபடி. “ம், சேந்து தள்ளுங்க. கரைக்குப் போயி எங்கப்பாட்ட சரின்னு சொல்லணும்லா.”