நான்காவது ஓவனின் கோடு

அண்ணனைக் கிடத்த முன்னறையில் இடம் வேண்டுமென்றால் முதலில் மூன்று வாஷிங் மெஷின்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவில் இறக்கினார்கள். இறக்கிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "இது ஓடுமா? என்ன விலை?" என்று கேட்டார். அண்ணன் இருந்திருந்தால் அந்த ஆளை உள்ளே உட்காரவைத்து, ஒன்றுக்கு இரண்டாகத் தலையில் கட்டித்தான் அனுப்பியிருப்பார். தங்கைக்குச் சிரிப்புகூட எட்டிப்பார்த்தது. உடனே கண் பட்டறைப் பக்கம் போய்விட்டது. காலை பத்தரையிலிருந்து அவளுக்கு இப்படித்தான் இருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட்ட மனிதர், பட்டறையில் வேலை பார்த்தபடியே சாய்ந்துவிட்டார். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை, தங்கையைத் தவிர.

ஊரார் தூக்கிப்போடும் மிக்சி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் அந்த வீட்டுக்குத்தான் வந்து சேரும். ஓடுவதை ஓட்டி விற்பார்கள், ஓடாததைப் பிரித்துச் செம்பு வேறு, இரும்பு வேறாகப் போடுவார்கள். பதினெட்டு வருடமாக அண்ணனும் தங்கையும் சேர்ந்து பார்த்த வேலை. எதற்கும் அஞ்சாத அண்ணன் மைக்ரோவேவ் ஓவனுக்கு மட்டும் பயப்படுவார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஒரு தகர டப்பா கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். சிலதில் தானாக வடிந்துவிடும், சிலதில் நாள்கணக்கில் நிற்கும். எது எப்படியென்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் மூடியைக் கழற்றியதும் ரப்பர் பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரை டப்பாவின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து அந்தக் கரண்டை இறக்க வேண்டும். உள்ளே கரண்ட் இருந்தால் பட்டென்று வெடிக்கும். இறக்கிய பிறகு, இறக்கியவர்தான் ஓவனின் முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இல்லாத ஓவனிடம் போகும்போது, கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க, அண்ணன் இடது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கோடு இருந்தால் இரண்டு கையையும் விட்டு வேலை பார்ப்பார்.

இன்று காலை நான்கு ஓவன்கள் வந்திருந்தன. நான்கையும் பிளக்கில் போட்டு ஓடுகிறதா என்று பார்த்ததும், மூடியைக் கழற்றியதும் தங்கைதான். வேலை சீக்கிரம் ஆகட்டுமென்று நான்குக்கும் ஒரே மூச்சில் கோட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக இறக்கினாள். நடுவில் பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டு ஒருவர் போன் செய்தார். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள். போவதற்கு முன் இறக்கியது மூன்றா, நான்கா?

திரும்பி வந்தபோது அண்ணன், மேசைமேல் இருந்த நான்காவது ஓவனுக்குக் கீழே தரையில் கிடந்தார். இடது கை இடுப்புக்குப் பின்னால் இல்லை.

காலையிலிருந்து எத்தனை முறை யோசித்தும் அந்த நான்காவது மட்டும் பிடிபடவில்லை. அண்ணனின் விரல்களையும் பார்த்துவிட்டாள். பற்றவைத்த சூடும் தகரம் கிழித்ததுமாக, தழும்பில்லாத விரல் ஒன்றுகூட இல்லை. எது பழையது, எது இன்றையது என்று யார் கண்டார்கள்? அண்ணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? புருஷன் வீடு சரிப்படாமல் வந்தவளை, இத்தனை வருடமும் ஒரு சொல் சொல்லாமல் வைத்துக்கொண்டவள் அண்ணி.

மூன்று மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. உட்கார இடமில்லை என்று அண்ணியின் தம்பி, வேன் ஓட்டுகிறவர், பின்பக்கம் பட்டறையை ஒதுக்கப் போனார். தங்கை தண்ணீர்ச் சொம்போடு பட்டறைப் பக்கம் திரும்பினாள். அவர் நான்காவது ஓவனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கப் போனார்.

"தொடாதீங்க!"

அவள் போட்ட கத்தலில் முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சொம்பு உருண்டு தண்ணீர் வாசற்படி வரை ஓடியது.

"என்னக்கா, பயமுறுத்துறீங்க? அதான் கோடு போட்டிருக்கே," என்றார் வேன்காரர். அந்த வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் கோடு தெரியும்.

அண்ணி எழுந்து வந்து கதவருகில் நின்றாள். இனி மறைக்க வழியில்லை.

"கோடு நான்தான் போட்டேன் அண்ணி. மொதல்லயே போட்டுட்டேன். இதை எறக்குனேனான்னு... எனக்கு ஞாபகம் வரல."

அண்ணிக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. பதினெட்டு வருடமாக இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் சமைத்திருக்கிறாள். தம்பியைப் பார்த்து, "நீ முன்னாடி போய் நில்லு," என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

"இப்ப தெரிஞ்சுக்க முடியுமா?"

"இப்ப ஸ்க்ரூடிரைவரை வெச்சு, சத்தம் வந்துச்சுன்னா, அண்ணன் இதைத் தொடவே இல்லைன்னு அர்த்தம். நெஞ்சு வலிதான்."

"வரலைன்னா?"

தங்கை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். வரவில்லையென்றால் அவள் காலையிலேயே இறக்கியிருக்கலாம். அதுவாக வடிந்திருக்கலாம். இல்லையென்றால் அது அண்ணன் வழியாக இறங்கியிருக்கலாம்.

மேசைக்கடியில் உருண்டு கிடந்த ஸ்க்ரூடிரைவரை அண்ணி குனிந்து எடுத்து நீட்டினாள். "வை," என்றாள்.

தங்கை இடது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வலது கையால் ரப்பர் பிடியைப் பற்றினாள். வெடிக்கட்டும், தெருவுக்கே கேட்கும்படி வெடிக்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். வாழ்நாளெல்லாம் எந்தச் சத்தத்துக்குப் பயந்தாளோ அதற்காகவே இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு முனைக்கும் குறுக்கே இரும்பை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

எடுத்து மறுபடி வைத்தாள். அழுத்தி வைத்தாள். இரும்பு தகரத்தில் உரசும் கிறீச் மட்டும் கேட்டது. மூன்றாவது முறை வைக்கப் போனபோது அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பலமாகவே பிடித்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியிலிருந்து வேன்காரர் கதவைத் தட்டினார். "அக்கா, வண்டி வந்துருச்சு. உள்ள என்ன பண்றீங்க?"

அண்ணி கதவைத் திறந்தாள்.

"ஒன்னுமில்ல. அவ காலையிலயே எறக்கித்தான் வெச்சிருக்கா. அந்த ஓவனைத் தூக்கி வெளிய வை," என்றாள்.

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போர்வைக்கு மேலே கிடந்த வலது கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். கட்டைவிரலில் கொஞ்சம் கூடுதலாக நேரமெடுத்தாள். தங்கை பட்டறை வாசலிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி அந்தக் கையை மெதுவாக மூடினாள். போர்வைக்குள் தள்ளி, ஓரத்தைச் சுற்றிலும் அழுத்திச் செருகினாள். தூக்குவதற்கு ஆட்கள் வந்து நிற்கும்வரை அந்த இடத்திலிருந்து தன் உள்ளங்கையை அவள் எடுக்கவே இல்லை.