இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே

எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளருக்குச் 'செக்கு' என்று பேர். வைத்த புண்ணியவதி யாரென்று தெரியவில்லை. மைதானத்தைச் சுற்றவிட்டே ஆளைச் சக்கையாக்கிவிடுவார். எவளாவது வாந்தி எடுத்தால்தான் அவருக்கு அன்றைக்கு மனசு குளிரும்.

நான் அந்த அணிக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பவள். வேகம் வேண்டுமென்றால் கொஞ்ச தூரத்தை உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், அப்புறம் நன்றாக நின்று இளைப்பாற வேண்டும். மூச்சு அடங்கி, கால் லேசான பிறகுதான் அடுத்த ஓட்டம். களைத்த கால் மெதுவாக ஓடத்தான் பழகும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "நின்னா வேகம் வருமா? நிக்கறதுக்கா சம்பளம்?" என்று எல்லார் முன்னாடியும் கேட்பார்.

அணியில் பக்கக் கோட்டை ஒட்டிப் பந்தோடு ஓடுகிறவள் என் தங்கை. பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறாள். ஓட்டச் சோதனையில் பழைய வேகம் வரவில்லையென்றால் இந்த சீசன் முழுக்க அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். நான் சொன்னபடிதான் பழகினாள். ஆனால் வாரா வாரம் வேகம் கூடுவதற்குப் பதில் குறைந்துகொண்டே வந்தது. நேரம் காட்டும் கருவியைக் கழற்றி மாட்டினேன், ஷூவை மாற்றச் சொன்னேன், கடைசியில் என் படிப்பையே சந்தேகப்பட்டேன். செக்கு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

சோதனைக்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டே மெதுவாகப் பேச்செடுத்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில குடுக்கிற ஓட்டத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே? விடியறதுக்குள்ள கிளம்பிடுறா. வந்தா மாடிப்படியில கையை ஊனித்தான் ஏறுறா."

காலை ஓட்டம் என்று நான் எதுவும் கொடுக்கவே இல்லை.

குளியலறை வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். "மண்டையில ஏதாவது இருக்கா உனக்கு? எதுக்குடி ஓடுற?"

"கத்தாதக்கா, பாப்பா பயப்படுறா." குழந்தையைத் துண்டால் சுற்றினாள். "நான் நிக்கும்போதெல்லாம் எல்லாரும் பார்க்கறாங்க. அக்கா இருக்கிற தைரியம்னு என் காதுபடவே பேசறாங்க. உன்னால எடம் கெடச்சுதுன்னு ஒருத்தி சொல்லக் கூடாது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைத் தேடி உடை மாற்றும் அறைக்குப் போனால், ஒரு காலில் மட்டும் ஷூவோடு பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பின்தொடையைத் தொட்டுப் பார்த்தேன், கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. இந்தக் காலோடு முழு வேகம் எடுத்தால் தசை கிழிந்துவிடும். வேறு எவளாக இருந்தாலும் யோசிக்காமல் நிறுத்தியிருப்பேன். இவளை நிறுத்தினால், தங்கைக்குச் சலுகை என்று பேச ஊர் வாய்க்கு நானே அவல் போட்ட மாதிரி ஆகும். எனக்கும் அசதியாக இருந்தது. கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் எழுந்து போய்ச் செக்கிடம் சொன்னேன். "சார், அவ இன்னிக்கு ஓட மாட்டா. கால் சரியில்ல."

"தங்கச்சிங்கறதுக்காக இன்னொரு நாள் எல்லாம் வைக்க முடியாதும்மா. ஓடலைன்னா எடம் போச்சு."

"இன்னொரு நாள் கேக்கல சார். எடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் இந்த முறை சிரிக்கவில்லை. அடுத்தவளைக் கூப்பிட்டார்.

நான் திரும்பி வந்த சத்தத்தில் அவள் பதறி எழுந்தாள். "கூப்பிட்டுட்டாங்களாக்கா?"

"இல்ல. நீ ஓட வேணாம். உன் எடம் போயிடுச்சு. நான்தான் குடுத்துடச் சொன்னேன்."

கன்னத்தில் ஒன்று விட்டாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு அந்த ஒற்றை ஷூவையும் கழற்றிக் கீழே போட்டுவிட்டு மறுபடி பெஞ்சில் சாய்ந்தாள்.

"அப்பாடா" என்றாள்.

எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.