சம்பந்தியம்மாவுக்கு வைத்த மாவு

மலையடிவாரத்தில் கடைசித் தெரு, கடைசிக் கட்டடம்தான் அந்த பேக்கரி. பின்கதவைத் திறந்தால் நாலு கல்படி, ஒரு சின்ன முற்றம், அப்புறம் வேலிகூட இல்லாமல் காடு. பனி இறங்கும் மாதங்களில் முற்றம் எங்கே முடிகிறது, காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அங்கேயே குடியிருப்பவர்களுக்கும் தெரியாது. உள்ளே மாவுத்தூசி மிதக்கும், வெளியே பனி மிதக்கும். முதல் ஈடு ரொட்டி அடுப்புக்குள் போனதும் கிடைக்கிற கால்மணி நேரத்தில் பாப்பா அந்தப் படியில் உட்கார்ந்து, தூக்கமுமில்லாமல் விழிப்புமில்லாமல் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வயது நாற்பத்து நாலு. அண்ணன் அப்படிக் கூப்பிட, அண்ணி கூப்பிட, தெருவே கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். அண்ணி முன்னால் கடையில் நிற்பாள். மாவு மட்டும் பாப்பாவின் ராஜ்ஜியம். விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, இன்னும் எத்தனை நிமிடத்தில் பொங்கி நிற்கும் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்லிவிடுவாள். எதிரில் ஒரு வயிறு காய்ந்து கிடந்தால் அவள் கை சும்மா இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படித்தான் ஒருநாள் பனிக்குள்ளிருந்து ஒரு பெண்மான் வந்து நின்றது. முதலில் இரண்டு காதுகள், அப்புறம் முகம், கடைசியில்தான் கால்கள். பின்னாலேயே ஒரு குட்டி. கனவில் வருகிறவர்கள் கதவைத் தட்டிக்கொண்டா வருகிறார்கள்? பாப்பா எழுந்துபோய் ரொட்டி ஓரங்களை ஒரு அகலப் பாத்திரத்தில் போட்டுப் படிக்குக் கீழே வைத்தாள். மான் வந்தது, மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது, போனால் போகிறதென்று ஒரு துண்டைக் கடித்தது. "கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மா தோத்தாங்க" என்று பாப்பா சிரித்தாள். அன்றிலிருந்து அதற்குச் சம்பந்தியம்மா என்றே பெயர்.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை.

"இத்தனை நாளா காட்டுல அதுக்கு யாராவது கடை போட்டு வச்சிருந்தாங்களா? உயிரோடதான இருந்துச்சு?"

"வாசல்ல வந்து நிக்கிற உயிரை வெறும் வயித்தோட அனுப்பச் சொல்றியா அண்ணே? உனக்குக் கல் மனசு."

"அது வாசல்ல வந்து நிக்கிறதே தப்புங்கிறேன். நீ வரவழைச்சுட்டு, வந்துடுச்சேங்கிற."

பாப்பா காதில் வாங்கினால்தானே! அந்தக் கால்மணி நேரம் அவளுக்கு நாள் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. மானின் மூச்சு பனியில் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தானும் கொஞ்சம் கரைந்து போவதுபோல ஒரு சுகம். மனுஷர் யாரிடமும் இப்படி ஒரு பிரியம் வந்ததில்லை என்று அவளே அண்ணியிடம் சொன்னாள். அண்ணி, "நாங்கெல்லாம் மனுஷங்களாப் பொறந்தது தப்புத்தான்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில், நாற்பது ரொட்டிக்குப் பிசைந்து மூடி வைத்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. அடுப்பு சூடேறவில்லை. மாவு காத்திருக்குமா? அது பாட்டுக்குப் பொங்கியது, பொங்கி அமுங்கியது, புளித்து நாறத் தொடங்கியது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "தூக்கிக் குப்பையில கொட்டு பாப்பா" என்று சொல்லிவிட்டு, மின்வாரிய ஆட்களோடு மல்லுக்கட்டப் போய்விட்டார்.

தன் கையால் பிசைந்த மாவைக் குப்பையில் கொட்டப் பாப்பாவுக்கு மனசு வரவில்லை. இருபது வருஷம் மாவோடு கிடந்தவளுக்கு மாவு வேறு, ரொட்டி வேறு இல்லை. நடுவில் அரைமணி நேர அடுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ரொட்டியைத் தின்கிறது, மாவைத் தின்னாதா? பாத்திரம் நிறைய அள்ளி வெளியே வைத்தாள். அன்றைக்குப் பார்த்துச் சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பவேயில்லை. ஒட்டத் துடைத்துத் தின்றது. குட்டி மோந்து பார்த்துவிட்டுப் புல்லுக்குப் போய்விட்டது. பாப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஈரத்துணி போட்டு மூடி, கதகதப்பான இடமாகப் பார்த்து மாவை வைத்து, அது இரட்டிப்பாகும்வரை காத்திருப்பவள் அவள். உயிருள்ள வயிற்றைவிடக் கதகதப்பான இடம் எது? ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தோன்றவேயில்லை. கையில் இருக்கிற வித்தைதான் கண்ணை மறைக்கும் போலிருக்கிறது.

பத்து மணிக்குப் பனி விலகியபோது மான் முற்றத்தின் ஓரத்தில் படுத்திருந்தது. இடது பக்கம் வயிறு உப்பியிருந்தது. பாப்பா பக்கத்தில் போனாள். அது எழுந்து ஓடவில்லை. கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே! அய்யோ, அண்ணே!"

அண்ணன் ஓடி வந்தார். திட்டவில்லை. கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் பையோடு வந்து, வயிற்றைத் தட்டிப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டார்.

"என்ன தின்னுச்சு?"

"மாவுங்க. ஈஸ்ட் போட்ட மாவு" என்றாள் பாப்பா. "நான்தான் வச்சேன்."

மருத்துவர் மானின் தொண்டை வழியாகக் குழாயை இறக்கினார். காற்று கொஞ்சம் வெளியேறியது. புளித்த மாவின் வாடை முற்றமெங்கும் பரவியது. பாப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். காட்டு மிருகம் மனுஷ மடியில் தலை வைத்துக் கிடப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மத்தியானம் அது செத்துப்போனது.

"வீட்டு மாடே தாங்காதும்மா" என்றார் மருத்துவர், கையைக் கழுவிக்கொண்டே. "குட்டி புல் மேயப் பழகிடுச்சு. மேல மேட்டுல மான் கூட்டம் இருக்கு. இங்க ஒரு வாய் கிடைச்சாலும் அது மேல போகாது. கிடைக்கலைன்னா போகும்."

"போகலைன்னா?"

மருத்துவர் பையை மூடினார். "போகும்னு நம்புங்க" என்றார்.

மறுநாள் காலையில் குட்டி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பாப்பா பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மாவைப் பிசைந்தாள். கதவுக்கு வெளியே குளம்பு படியில் தட்டுகிற சத்தம். மாவுக்கை பட்டுப் பட்டு மாவு படிந்த கதவை அது நக்குகிற சத்தம். பகலில் கண்ணை மூடினால் மாவு பொங்கிப் பொங்கி அறை நிறைந்து, ஜன்னல் வழியாக வழிந்து, மலையையே மூடுகிறது. அதற்குள் எங்கேயோ ஒரு குட்டி நடக்கிறது. கூப்பிட வாயைத் திறந்தால் வாய்க்குள்ளும் மாவு. தாயைக் கொன்றாயிற்று, இதையாவது கொல்லாமல் இருக்க வேண்டுமே என்று அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

நாலாம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. பாப்பா கை கழுவப் போய்த் திரும்பினால், அண்ணன் பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறார். இன்னொரு கையில் சுடச்சுட ஒரு பன்.

"என்னண்ணே இது?"

"எலும்பும் தோலுமா நிக்குது பாப்பா. ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு மட்டும்."

"நீயா? நீயா இதைச் சொல்ற?"

"பாக்க முடியலடி."

பாப்பா பாய்ந்து பன்னைப் பிடுங்கினாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கே வைத்தாலும் இரண்டு பேரில் ஒருவர் எடுத்துக் குட்டிக்குப் போட்டுவிடுவார். அப்படியே தன் வாயில் திணித்துக்கொண்டாள். சூட்டில் நாக்கு வெந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, மென்று முழுங்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள். அண்ணன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வெளியே கொஞ்ச நேரம் தட்டிவிட்டுக் குளம்புச் சத்தம் நின்றது.

ஒன்பதாம் நாளிலிருந்து குட்டி வரவில்லை. போய்விட்டதா, செத்துவிட்டதா? யார் சொல்வது? அண்ணி தன் பங்குக்கு, "போயிருக்கும் பாப்பா, நீ சாப்பிடு" என்று தட்டைத் தள்ளி வைத்தாள். பாப்பாவுக்கு இறங்கவில்லை.

கடை விடுமுறை நாளில் அவள் தனியாக மேட்டில் ஏறினாள். முழங்கால் உயரப் புல், அதன்மேல் பனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வெகு நேரம் நடந்த பிறகு, சரிவில் மான் கூட்டம் மேய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஏழெட்டுப் பெரியவை, மூன்று குட்டிகள். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காற்று திரும்பியது. ஒரு குட்டி மட்டும் தலையைத் தூக்கி மூக்கைச் சுருக்கியது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மாவு வாசனை அவள் கையில். குட்டி கூட்டத்தை விட்டு இவளைப் பார்த்து ஓரடி வைத்தது. இன்னொரு அடி வைத்தது. பாப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வா என்று சொல்லத் துடித்த வாயைக் கடித்துக்கொண்டாள். போ கண்ணு, போயிடு, என்று உள்ளுக்குள்ளேயே கெஞ்சினாள். கூட்டத்திலிருந்து ஒரு பெரிய மான் காலால் தரையைத் தட்டியது. குட்டி நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு திரும்பி ஒரே ஓட்டமாக ஓடியது. பனி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

அவள் இறங்கி வந்தபோது அண்ணன் கல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன். கூட்டத்தோட இருக்கு."

"உன்னை அடையாளம் தெரிஞ்சுதா அதுக்கு?"

"தெரிஞ்சுது அண்ணே" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள் பாப்பா. முகமெல்லாம் சிரிப்பாகவும் கண்ணீராகவும் இருந்தது. "தெரிஞ்சும் போயிடுச்சு."