இளையவனை வெட்டுவது

எங்கள் மியூசியத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இரண்டு ராணுவ டாங்கிகள் இருக்கின்றன. வாசலில் நிற்பவன் மூத்தவன். பின்னால் தகரக் கொட்டகையில் நிற்பவன் இளையவன். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வருடம் செய்தவை. மூத்தவன் முதலில் வந்து சேர்ந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தைகள் மூத்தவன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அவனுக்குள் ஒன்றும் கிடையாது. இங்கே வருவதற்கு முன்பே யாரோ எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இளையவனுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ராணுவத்தில் ஒப்படைக்கும்போதே மேல் மூடிகளை வெல்டிங் வைத்து அடைத்துத்தான் கொடுத்தார்கள்.

நான் வேதியியல் படித்தவள். இங்கே துருவைக் கவனிப்பது என் வேலை. எந்தத் துரு இரும்பைத் தின்னும், எது சும்மா படிந்து கிடக்கும், ஈரம் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்று பார்ப்பேன். என் தம்பி வெளியில் இதை "அக்கா டேங்க் கழுவுறா" என்று சொல்லிவைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், தன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க எப்போது வருவாய் என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

போன மாதம் டைரக்டர் மேடம் எங்களைக் கூப்பிட்டு ஒரு திட்டம் சொன்னார். ஒரு டாங்கியை நெடுக்காக இரண்டாக வெட்டி, பப்பாளியைப் பிளந்து வைத்த மாதிரி வைப்பது. உள்ளே டிரைவர் எங்கே, சுடுகிறவர் எங்கே, குண்டு எங்கே என்று ஜனங்கள் நின்று பார்க்கலாம்.

"எதை வெட்டறது?" என்று வெல்டர் அண்ணன் கேட்டார். அவருக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

"காலி டப்பாவை வெட்டி என்னத்தைக் காட்டறது? மூத்தவன் வேண்டாம். இளையவனுக்குள்ள எல்லாம் இருந்தா அவனை வெட்டுவோம். இல்லைன்னா திட்டத்தையே விட்டுடுவோம்."

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தால் சாவான். கெட்டுப் போயிருந்தால் பிழைப்பான்.

மேல் மூடிகளைத் திறக்க வேண்டுமென்றால் வெல்டிங்கை அறுக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லை என்றால் அது வீண் சேதம். அடிப்பக்கத்தில் தரையைப் பார்த்தபடி ஒரு மூடி உண்டு. வண்டியில் தீப்பிடித்தால் தப்பிப்பதற்காக வைத்தது. வெல்டர் அண்ணன் அதன் போல்ட்டுகளை எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினார். திறப்பு ஒரு நாற்காலியின் உட்காரும் பலகை அளவுதான் இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுல என் ஒரு காலுதான் போகும்."

"நம்ம கடுகு இருக்காளே," என்றார் அலுவலகக் கணக்குப் பார்க்கும் கணக்கு அக்கா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் உயரத்துக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர். அக்கா வைத்ததுதான். "கடுகுதான், ஆனா காரத்தைத்தான் காணோம்" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார்.

மறுநாள் வெல்டர் அண்ணன் குழாய் விட்டு உள்ளே வெகுநேரம் காற்று ஊதினார். பிறகு என் இடுப்பில் கயிறு கட்டினார்.

"மூணு தடவை இழுத்தா வெளிய இழுத்துடுவேன். தும்மும்போது இழுத்து வெச்சுடாதே, தாயி."

சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்தேன். கைகளை முதலில் விட்டு, தலையை விட்டு, தோளைச் சாய்த்து ஏறினேன். டார்ச்சைப் போட்டேன்.

இடது பக்கம் மேலிருந்து எப்போதோ தண்ணீர் சொட்டியிருந்தது. தட்டுகள் துருப்பிடித்து, ஒரு மீட்டரின் கண்ணாடி விழுந்து கிடந்தது. வலது பக்கம் டார்ச்சைத் திருப்பினேன். எல்லாம் இருந்தது. தோல் சீட்டுகள், மீட்டர்கள், பெரிஸ்கோப், குண்டு அடுக்கும் தட்டுகள். குழாய்க்குப் பின்னால் ஒரு துணி, கை துடைத்துச் செருகியபடியே இருந்தது. கமாண்டர் சீட்டுக்கு முன்னால், நெற்றி உயரத்தில் ஓர் இரும்பு விளிம்பு. அதில் யாரோ கந்தல் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்த ஆளுக்கு நெற்றி அங்கே இருந்திருக்க வேண்டும். எனக்கு அது எட்டவில்லை. நான் வேறோர் இடத்தில் இடித்துக்கொண்டேன்.

"என்னம்மா இருக்கு?" கீழிருந்து வெல்டர் அண்ணன்.

"எல்லாம்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு! நான் என்ன உன் மனசுக்குள்ளயா உட்கார்ந்திருக்கேன்?"

"பார்த்துட்டிருக்கேன் அண்ணே!"

டேப் வைத்து அளந்தேன். சீட்டுக்கும் சீட்டுக்கும், முழங்காலுக்கும் இரும்புக்கும். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இறங்கியபோது அண்ணன் மறுபடி கேட்டார். மேடமிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மேடம் இரண்டு நாள் வெளியூரில் இருந்தார். அன்று மாலை சாப்பிடும்போது தம்பி போனைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"சூப்பரா இருக்கே. இதையா வெட்டப் போறாங்க?"

"நான் இருக்குன்னு சொன்னா வெட்டுவாங்க."

"அப்ப ஏன் சொல்றே? இந்தத் துருப்பிடிச்ச பக்கத்தை மட்டும் காட்டு. உன்னைத் தவிர யாரு உள்ள போய்ப் பார்க்கப் போறா?"

அதைத்தான் நானும் இறங்கியதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கப் படங்கள் பொய் இல்லை. அவையும் அங்கே இருப்பவைதான்.

அம்மா தண்ணீர் ஊற்றியபடியே சொன்னாள்: "அவளால முடியாதுடா. சின்ன வயசுல பல்லு தேய்ச்சியான்னு கேட்டா, வாய் தேய்ச்சேன்னு சொல்லும், காது சிவந்து இல்லைன்னு சொல்லும்."

"தலைமுடியால காதை மறைச்சுக்கிட்டுப் போகட்டும்."

"போடா."

எனக்குக் காது மட்டும் பிரச்சினை இல்லை. நாளைக்கு வேறு யாராவது சின்ன உருவமாக வருவார்கள், உள்ளே போவார்கள். அப்புறம் துருவைப்பற்றி நான் சொல்லும் எதையும் ஏன் நம்ப வேண்டும்?

மேடம் வந்ததும் எல்லாப் படங்களையும் காட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். நல்ல உயரம்; எழுந்தால் அறை சின்னதாகிவிடும்.

"அடேயப்பா! துணி முதற்கொண்டு இருக்கே. அப்ப முடிஞ்சுது. இவனையே வெட்டிடலாம்."

"வெள்ளிக்கிழமை கோடு போட்டுடறேன்," என்றார் வெல்டர் அண்ணன்.

"வேண்டாம் மேடம்," என்றேன்.

கணக்கு அக்கா என் பக்கம் திரும்பி, யார் பேசியது என்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா?" என்றார் மேடம். கோபம் இல்லை, அவசரம்தான். "வெட்டி வெச்சா ஒரே நேரத்துல நாற்பது பேர் பார்க்கலாம். இப்ப உன்னை விட்டா யாரு பார்க்க முடியும்?"

"வெட்டினா… இடம் வந்துடும் மேடம்."

"எந்த இடம்?"

"உள்ளே இடமே இல்லை. உள்ளே இருக்கறதே அதான்."

யாருக்கும் புரியவில்லை. சொன்ன எனக்கே அது சரியாக வரவில்லை. "காலையில சாப்பிட்டியா?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

வாயால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. வெல்டர் அண்ணனின் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். டேப்பை விரித்து அறைத் தரையில் கோடு போட ஆரம்பித்தேன். சுற்றிலும் இரும்புச் சுவர். நடுவில் பீரங்கியின் பின்பகுதி. முன்னால் டிரைவருக்கு ஒரு குழி. நாற்காலிகள் கோட்டுக்குள் அடங்கவில்லை. பட்டறையிலிருந்து முக்காலிகள் கொண்டுவந்தேன். அலமாரிக் கைப்பிடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே, அந்த விளிம்பு இருந்த உயரத்தில் ஒரு கயிறு கட்டினேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நான் இவ்வளவு நேரம் மற்றவர்கள் முன்னால் எதையும் செய்து அவர்கள் பார்த்ததில்லை.

"உட்காருங்க. கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு இரும்பு."

மேடம் சுடுகிறவர் இடத்தில் உட்கார்ந்தார். கணக்கு அக்கா பீரங்கிக்கு மறுபுறம், குண்டு போடுகிறவர் இடத்தில். வெல்டர் அண்ணன் முன்னால் டிரைவர் குழியில், காலை மடித்துக்கொண்டு. கமாண்டர் இடம் மேடத்துக்கு நேர் பின்னால். அங்கே நான் உட்கார்ந்தேன். என் முழங்கால்கள் மேடத்தின் முதுகில் முட்டின.

"கொஞ்சம் பின்னால போம்மா."

"முடியாது மேடம். பின்னால இரும்பு."

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். கயிறு தலையில் பட்டது.

"இந்தக் கயிறு எதுக்கு?"

"அந்தத் துணி சுத்தின விளிம்பு. உங்க உயரத்துல ஒருத்தர் இருந்திருக்கார்."

அக்காவுக்குப் பின்னால் இரண்டு பெயின்ட் வாளிகளில் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தேன். "அக்கா, அதான் குண்டு. ஒண்ணை எடுத்து முன்னால வைங்க. எழுந்திரிக்காம."

அக்கா இடுப்பைத் திருகி எடுத்தார். வாளி மேடத்தின் தோளில் இடித்தது. "அய்யய்யோ, மேடம்! மன்னிச்சுக்குங்க. இவதான், இவளைக் கேளுங்க."

"இன்னொண்ணு," என்றேன்.

"இன்னொண்ணா! ஏண்டி, உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"கடுகுன்னு பேர் வெச்சீங்களே," என்றார் வெல்டர் அண்ணன் முன்னாலிருந்து. "இப்ப அனுபவிங்க."

ஜன்னலை மூடியிருந்தேன். அக்காவுக்கு வியர்த்தது. எனக்கு அவர் மூச்சு கேட்டது. மேடத்தின் போன் மேசைமேல் அடித்தது. அவர் கையை நீட்டினார், கோட்டைப் பார்த்தார், கையை மடக்கிக்கொண்டார். அது அடித்து ஓய்ந்தது.

"எனக்குக் காலு மரத்துப் போச்சு," என்றார் வெல்டர் அண்ணன். "எந்திரிச்சுக்கறேன்."

"முடியாதுண்ணே. பீரங்கி நேரா முன்னால நிக்குது. உங்க மூடிக்கு மேல. மூடி திறக்காது."

"அப்ப நான் எப்படி வெளிய வர்றது?"

"மேலே இருக்கறவங்க பீரங்கியைத் திருப்பணும்."

அவர் கழுத்தைத் திருப்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "திருப்ப ஆளில்லைன்னா?"

"அடி மூடி இருக்கு. நான் வந்த வழி."

தன் ஒரு கால்தான் போகும் என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா வாளியை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"வெட்டினா," என்றேன் மேடத்தின் முதுகிடம், "சுவர் இருக்காது. நாற்பது பேரும் வெளிய நின்னு, ஓ இவ்வளவு இடமான்னு பார்த்துட்டுப் போயிடுவாங்க."

மேடம் திரும்பவில்லை. திரும்ப இடமில்லை. "இப்படி எவ்வளவு நேரம் இருப்பாங்க?"

"நாள் பூரா இருக்கறதும் உண்டு மேடம்."

பிறகு முன்னாலிருந்த அண்ணனிடம் கேட்டார்: "இதே அளவுல தகரத்துல ஒரு பெட்டி செய்ய முடியுமாய்யா?"

"என்னை முதல்ல எந்திரிக்க விடுங்க மேடம்," என்றார் வெல்டர் அண்ணன். "என்ன வேணும்னாலும் செய்யறேன்."

இப்படித்தான் இளையவன் பிழைத்தான். மூத்தவனுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. நான்கு நான்கு பேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். சுவரில் என் படங்கள், இடது பக்கமும் வலது பக்கமும். அக்கா வாளியைத்தான் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் வைத்திருக்கிறோம்.

மேடம் ஒரு நிபந்தனை போட்டார். "இளையவனுக்குள்ள இனிமே யாரும் போகக் கூடாது. ஒருத்தர் விடற மூச்சே ஈரம்னு நீதானே எப்பவும் சொல்லுவே? நீயும் போகக் கூடாது."

நான் சொன்னதுதான். சரி என்றேன்.

கடைசியாக ஒருமுறை போனேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை மூலைக்கு மூலை வைத்தேன். ஈரப்பத மீட்டரின் முனையை உள்ளே கட்டி, டேப்பால் நீளம் அளந்து வயரை வெளியே விட்டேன். சொட்டுத் தண்ணீர் வந்த இடத்தை வெளியிலிருந்து முன்பே அடைத்திருந்தோம். உயரத்தில் ஒரு பை வைக்க, கமாண்டர் சீட்டின் இரும்புச் சட்டத்தில் முட்டி போட்டு எழுந்தேன். நெற்றி அந்தத் துணியில் இடித்தது. வலிக்கவில்லை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்.

இறங்கியதும் வெல்டர் அண்ணன் மூடியைப் பொருத்தினார். வெளியே இருந்த மீட்டர் ஈரப்பதம் ஐம்பத்திரண்டு சதவீதம் என்று காட்டியது. சில நாளில் நாற்பதுக்குக் கீழே வரும். அதற்கப்புறம் துருவுக்கு வேலையில்லை.

கடைசி போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார்: "உள்ளே எதையும் மறந்து வெச்சுட்டு வரலியே?"

டேப் டிரைவர் சீட்டில் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இல்லண்ணே."

அவர் என் காதைப் பார்த்தார். பிறகு போல்ட்டை முறுக்கினார்.