உறவுமுறை: அக்கா

அன்று அறையில் நான்கு பேர் இருந்தோம். சன்னலோர மேசைக்கு அந்தப் பக்கம் சட்டத்தரணி ஷிஹாரா மிஸ். மேசையின் குறுக்கு ஓரத்தில், மடிக்கணினியோடு நான். மிஸ்ஸுக்கு நேர் எதிரே வெள்ளவத்தையிலிருந்து வந்த சீனியம்மா, நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி. படிக்கட்டு வாசலை ஒட்டிய மர வாங்கில் ஒருகொடவத்தையிலிருந்து வந்த மேனகா. அவருடைய முறை அடுத்தது. அவர் வந்த காரியம் வேறு, ஆனால் எங்கள் பேச்சில் ஒரு சொல்லையும் அவர் தவறவிடவில்லை.

எங்கள் சட்ட உதவிக் கந்தோர் கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஏதோ ஒரு காரணத்தால் மறிக்கப்பட்டவர்கள் அங்கே வருவார்கள். அடையாள அட்டை இல்லாதவர்கள், விலாசம் வேறு பிரதேசம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், சிங்களத்தில் மட்டும் இருந்த படிவத்தில் என்னவென்று தெரியாமல் ஒப்பம் வைத்தவர்கள். ஷிஹாரா மிஸ் காசு வாங்காமல் சட்டம் பார்ப்பார். கடிதம் எழுதுவது என் வேலை. பலாங்கொடைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒழுங்கு இன்னும் கையை விட்டுப் போகவில்லை: திகதி, விலாசம், விடயம், அதன் கீழே ஒரு கோடு, பிறகுதான் மற்றதெல்லாம்.

சீனியம்மாவின் விடயம் அவருடைய கழுத்தில் இருந்தது. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக, கொய்யாக்காய் அளவுக் கழலை. சேலைத் தலைப்பை மப்ளர் போலச் சுற்றியிருந்தார். படுத்தால் அது மூச்சுக்குழாயை அமத்துகிறது. அதனால் அவர் சாப்பாட்டு மேசைக் கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வெட்டி எடுக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் சொல்லி, நாளும் கொடுத்து, இரண்டு தடவை வார்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருகிற வியாழன் மூன்றாவது நாள். இதுவும் தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த வரிசை அடுத்த வருடத்தில் நிற்கிறது.

“திருப்பி அனுப்புறப்ப என்ன சொன்னாங்க?” என்று மிஸ் கேட்டார்.

“அக்காவக் கூட்டிட்டு வான்னாங்க மிஸ். மொத வாட்டியும் அதான், ரெண்டாவது வாட்டியும் அதான்.”

மிஸ் கிளினிக் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “பொறுப்பாளர் எண்ட எடத்துல சரோஜினிதேவி எண்டு ஈக்கிது. உறவுமுறை, அக்கா. இவங்க எங்க இரிக்கிறாங்க?”

“கனடாவுல.”

“சொந்த அக்காவா?”

சீனியம்மா பையின் பிடியை ஒருமுறை திருகினார். “இல்லீங்க. எங்க வீட்டு அம்மா.”

“அட, வேலை செய்ற வீட்டு நோனாவயா அக்கான்னு போட்டீங்க?” வாங்கிலிருந்து மேனகா. “துணிச்சல்தான் ஒங்களுக்கு.”

“நான் போடலம்மா, வாய் போட்டுருச்சி. அந்த நர்ஸ் மிஸ்ஸி சிங்களத்துல கேட்டுச்சி, வீட்டுல யாரு இருக்கான்னு. பின்னால அம்புட்டு சனம் நிக்கிது. யாரும் இல்லேன்னா ஒரு மாதிரியா பாக்கும்ல. அக்கான்னு சொல்லிட்டேன்.” சற்று நிறுத்தி, “சொல்றப்ப நல்லாத்தான் இருந்திச்சி” என்றார்.

சீனியம்மா ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சின்னப் பிள்ளையாக வெள்ளவத்தைக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். சரோஜினிதேவியின் பிள்ளைகள் இவர் இடுப்பில் வளர்ந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கனடாவுக்குப் போனார்கள். கடைசியில் அம்மாவும் மகளோடு இருக்கப் போய்விட்டார். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் அந்த மூன்று அறை பிளட் வீடு இப்போது சீனியம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. காலையில் சன்னல்களைத் திறந்து கடல் உப்பைத் துடைப்பார். பின்னேரம் மூடுவார். தோட்டத்தில் அண்ணன் மகன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்வி. அவன் முகம் தெரியாது.

“இதுல பெரிய சிக்கல் ஒண்டும் இல்ல,” என்றார் மிஸ். “நீங்க வயசு வந்தவங்க. அறிவு தெளிவா ஈக்கிது. உங்கட உடம்புக்கு உங்கட ஒப்பம் போதும். அக்கா ஒப்பம், அண்ணன் ஒப்பம் எண்டு கேக்குறது அவங்க பழகின பழக்கம். துணைக்கு ஆள் இல்லாட்டி எடுக்க மாட்டம் எண்டு சொல்றதும் அப்பிடித்தான். அத எழுதிக் குடுக்கலாம். ஆனா வார்டுல இருந்து இவங்களுக்கு கோல் எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க மிஸ். நான் வந்தப்பொறம் செய்யுங்கன்னு அம்மா சொல்லிட்டாங்களாம்.”

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். “அதான் விசயம். இப்ப ஆஸ்பத்திரி பைல்ல அக்கா சம்மதிக்கல்ல எண்டு ஈக்கிது. எந்த டொக்டரும் அதத் தாண்டிப் போகப் பயப்படுவார்.”

“அப்ப அந்த அக்காவ வெட்டிட்டு என்னயப் போடுங்களேன்,” என்றார் மேனகா. “தங்கச்சின்னு. மூக்கப் பாருங்க, ஒரே சப்ப மூக்கு.”

சீனியம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த மாசம் உங்கள வெட்டுறதுக்கு நான் இன்னொரு கடிதம் எழுதணும்,” என்றார் மிஸ். “ஒரு பொய்யில மாட்டினது போதும்.”

“சும்மா சொன்னேன் மிஸ். எங்க ஸ்டோர்ல ஒரு நாள் லீவு கேட்டாலே சாவுச் சேதி கேட்ட மாதிரி பாப்பானுக.”

நான் டைப் செய்வதை நிறுத்தி, “துணைக்கு நிக்க ஆள் வேணுமெண்டா, நான் அண்டைக்கு வரலாம்,” என்றேன். கொட்டாஞ்சேனையில் தனி அறையில் இருப்பவன் நான். வியாழக்கிழமை என்னைத் தேடுகிறவர்கள் யாரும் இல்லை.

சீனியம்மா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. “பொம்பள வார்டு தம்பி,” என்றார் மெதுவாக. “கேட்டோட மறிச்சிருவாங்க.”

மிஸ் தன் கைபேசியை எடுத்தார். கனடாவில் அப்போதுதான் விடிந்திருக்கும். பேசிப் பார்ப்போம், அவர் கையாலேயே ‘நான் அக்கா இல்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் வேலை சுலபம் என்றார். படத்தோடு அழைப்பு எடுத்து, கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, சீனியம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார்.

அழைப்பு போய்க்கொண்டிருக்கையில் சீனியம்மா சேலைத் தலைப்பை இழுத்து நெருக்கினார். “அம்மா இதப் பாத்ததில்ல,” என்றார்.

“இவ்வளவு நாளும்? நீங்க வீடியோல கதைக்கிற இல்லயா?”

“ஞாயித்துக்கிழமை தவறாம கதைப்பாங்க மிஸ். வீட்டக் காட்டச் சொல்வாங்க. நான் போனை அந்தப் பக்கமாத் திருப்பி ரூம் ரூமாக் காட்டுவேன். சாமி அறை, ஐயா படம், பல்கனி. அப்பிடியே வெச்சிருவாங்க.”

திரையில் நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக ஒரு முகம் வந்தது. “சீனி, என்ன பிள்ளை இந்த நேரத்தில? வீட்டில ஏதும் பிரச்சினையோ?”

“வீடு நல்லாருக்கும்மா.”

மிஸ் தன்னை அறிமுகம் செய்து, விடயத்தைச் சொன்னார். சரோஜினிதேவி பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஓம், எனக்கு விளங்குது. ஆனா நான் வராமல் அவளில கத்தி வைக்கக் கூடாது. அவள் எங்கட பிள்ளை மாதிரி. ஏதும் ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது? மகளுக்கு இந்த மாசம் பிள்ளை கிடைக்கப்போகுது. மார்கழியில நான் வந்து, பக்கத்தில இருந்து, எல்லாம் செய்விக்கிறன்.”

“அம்மா, நீங்க அவங்கட அக்கா இல்ல எண்டு ஒரு வரி எழுதித் தரேலுமா?”

“அதெப்படி? அக்கா எண்டு அவளாத்தானே சொல்லியிருக்கிறாள். நான் இல்லையெண்டு எழுதினா அவளுக்கு எப்படி இருக்கும்? பாவம். நான் எழுதமாட்டன்.”

மிஸ் என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவும் முடியாத பதில் அது.

சீனியம்மா தலைப்பின் சுற்றைப் பிரித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிரித்துவிட்டு முகவாயைச் சற்று உயர்த்தி, திரைக்கு முன் அப்படியே இருந்தார்.

கனடாவில் எங்கோ ஒரு கேத்தல் விசிலடித்தது. அதை நிறுத்த யாரும் எழுந்து போகவில்லை.

“என்ன பிள்ளை இது,” என்றார் சரோஜினிதேவி. “சின்னக் கட்டி எண்டெல்லோ சொன்னனீ.”

“மொதல்ல சின்னதாத்தாம்மா இருந்திச்சி.”

“ஐயோ, இதோட நீ தனியப் போய்ப் படுக்கிறதோ? கட்டாயம் நான் வர வேணும். அதுவரைக்கும் பொறு. நான் மகளோட கதைச்சு, ஏலுமெண்டா முன்னுக்கு வாறன்.”

“நீங்க வர்ற வரைக்கும் எனக்குப் படுக்க ஏலாதும்மா,” என்றார் சீனியம்மா. “கதிரையிலதான் தூங்குறேன். மேசையில தலயணய வெச்சி, அதுல சாஞ்சிக்கிட்டு. ரயில் போறப்ப முழிச்சிக்குவேன், அப்பொறம் தூக்கம் வராது.”

சரோஜினிதேவி அழுதார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். ஆனால் சரி, செய் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. பயம் ஒரு பக்கம். தான் இல்லாமல் அங்கே ஒன்று நடக்க முடியும் என்பதை ஏற்காத மனம் இன்னொரு பக்கம் இருந்திருக்கலாம். பொறு பிள்ளை, பொறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

சீனியம்மா கைபேசியைப் போத்தலோடு மெல்ல நகர்த்தி மிஸ்ஸிடம் தள்ளினார்.

“எழுதுங்க மிஸ். அக்கா இல்லேன்னு நானே சொல்றேன்.”

நான் டைப் செய்யத் தொடங்கினேன். ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு விலாசம், விடயம், கோடு. முதலாம் பந்தியில் அட்டையில் உள்ள தவறான உறவுமுறை பற்றி. இரண்டாவதில் சட்டம், அதை மிஸ் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவதை நானாக எழுதி வாசித்துக் காட்டினேன்: “எனக்கு உறவினர் எவரும் இல்லை. எனக்குத் துணையாக நிற்கவும் எவரும் இல்லை.”

“நல்லா ஈக்கிது,” என்றார் மிஸ். “அத வாசிச்சிட்டு யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.”

“அத மட்டும் போடாதீங்க தம்பி.”

“ஏன்? அது உண்மதானே?” என்றேன்.

“உண்மயோ என்னமோ. ஆனா அது அந்த பைல்லயே கெடக்கும். நான் மயக்கத்துல கெடக்கிறப்ப போறவங்க வர்றவங்கெல்லாம் எடுத்து வாசிப்பாங்க.” குரல் உயரவில்லை. “எனக்கு யாரும் இல்லேன்னு எனக்குத் தெரியும். அது கடுதாசியில வேணாம்.”

அந்த வரி கடிதத்துக்குப் பலம் என்று மிஸ் எடுத்துச் சொன்னார். இரக்கம் பார்க்கிற இடத்தில் இரக்கம் கேட்பதில் தவறில்லை என்றார். சீனியம்மா எல்லாவற்றையும் கேட்டு, தலையாட்டி, கடைசியில் மறுபடியும் வேண்டாம் என்றார்.

மேனகா வாங்கிலிருந்து எழுந்து வந்து அவர் பின்னால் நின்றார். “விடுங்க மிஸ். அவங்க இஷ்டம். கழுத்து அவங்களோடது.”

வரியை அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று சீனியம்மாவிடமே கேட்டேன். நான் தனியா வருவேன்னு எழுதுங்க, என்றார். அதைத்தான் எழுதினேன்: “குறித்த தினத்தில் நான் தனியாக வருவேன். எனது சத்திரசிகிச்சைக்கான சம்மதத்தை நானே வழங்குவேன். அதற்கு வேறொருவரின் ஒப்பத்தைக் கோர வேண்டாம் என்றும், துணைக்கு ஆள் இல்லை என்பதற்காக அனுமதியை மறுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.” மிஸ் அதைச் சிங்களத்திலும் எழுதித் தந்தார். இரண்டு பிரதிகள் எடுத்தோம்: ஒன்று தபாலுக்கு, மற்றது வியாழனன்று அவர் கையோடு கொண்டுபோக.

சீனியம்மா ஒப்பம் வைத்தார். ஒவ்வோர் எழுத்தாக, பேனாவை அமத்தி, இரண்டு இடத்திலும்.

மேனகாவின் முறை வந்தது. நானும் சீனியம்மாவும் படி இறங்கினோம். “போய்ட்டு வந்து சொல்லுங்க,” என்று மேலேயிருந்து மேனகா சொன்னார். யாரிடம், எந்த நம்பரில் என்று சொல்லவில்லை. சீனியம்மாவும் கேட்கவில்லை.

தபால் கந்தோர் மூடும் நேரம். உள்ளே வேறு யாரும் இல்லை. சுவரோர மேசையில் உறையைப் பரப்பி, கடிதத்தை மூன்றாக மடித்து உள்ளே வைத்து, பசை தடவினேன். உறையின் வாயை மூடி அமத்திப் பிடிக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு நின்றார். பசை காய்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“பதிவுத் தபாலா?” என்று கவுண்டரில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார். ஆமென்றேன். உறையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“யவன்னா கவ்த?” அனுப்புகிறவர் யார்?

கந்தோர் விலாசத்தைச் சொல்ல நான் வாயெடுத்தேன்.

“மம,” என்றார் சீனியம்மா. நான்தான்.

அவர் பெயரை நான் உறையின் பின்னால் எழுதினேன். வெள்ளவத்தை விலாசத்தை அவர் சொன்னார். கவுண்டர்க்காரர் இலக்கத் துண்டை ஒட்டி, முத்திரை குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.