பட்டம் பெறுவோர்: ஒருவர்

1

இந்தக் கதை ஒரு கேக் சண்டையில் எனக்குக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதப் பள்ளி வாரியக் கூட்டம். பட்டமளிப்பு விழாவுக்கு எவ்வளவு பெரிய கேக் சொல்வது என்று பள்ளிச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் மார்விஸ் டீட்ஸ் கேட்டாள். பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறப்போவது ஒரே ஒரு பெண். சாப்பிட வரப்போவது ஊர் முழுக்க. எதைக் கணக்கில் வைப்பது? கூட்டத்தின் பாதி இதிலேயே போயிற்று. அதே கூட்டத்தில்தான் எங்கள் பள்ளி மாவட்டத்தைக் கலைத்து, பக்கத்து ஊர் மாவட்டத்தோடு சேர்ப்பது, ஜூனோடு பள்ளியை மூடுவது என்று கையுயர்த்தி முடிவு செய்தோம். அதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. குரல் உயர்ந்ததெல்லாம் கேக்குக்குத்தான்.

நான் அந்த வாரியத்தின் தலைவன். தகுதியால் அல்ல, வேறு யாரும் நிற்காததால். தொழிலுக்கு மாட்டு வைத்தியன். நெப்ராஸ்காவின் இந்த மணல்மேட்டுப் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறேன். எங்கள் ஊரான ஓர்லினில் என் மனைவியைத் தவிர யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, ஆகவே பெயர்களை மாற்றும் வேலை எனக்கு இல்லை. (மாற்றித்தான் இருக்கிறேன்.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"ஓர்லின் பள்ளியின் மணி கடைசி முறையாக ஒலித்தபோது"

நிறுத்திவிட்டேன். எங்கள் பள்ளியில் மணி கெட்டுப்போய் வெகுநாளாகிறது. சாயங்காலம் லோரீன் கதவைத் திறந்து, "போதும், கெளம்புங்க" என்பாள். அவ்வளவுதான்.

அடுத்து: "ஒரு ஊரின் உயிர் அதன் பள்ளியில்"

இது மாவட்டமே அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்த விளம்பரத் தாளில் இருக்கிறது. எனக்கு வேண்டாம்.

ஆகவே லோரீனிலிருந்து ஆரம்பிக்கிறேன். லோரீன் ஷிமெக் எங்கள் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர். தலைமை ஆசிரியையும் அவள்தான். வடக்குத் தடத்துப் பேருந்தை ஓட்டுவதும் பனி நாளில் படிக்கட்டில் உப்புத் தூவுவதும் அவளே.* பள்ளி மாவட்டம் என்றதும் உங்களுக்கு வெள்ளைக் கார் வைத்த அதிகாரி யாராவது நினைவுக்கு வரலாம். இங்கே அது ஒரு கட்டடம், இரண்டு மஞ்சள் பேருந்து, அப்புறம் லோரீன்.

அந்தக் கட்டடத்தின் உள்ளரங்கில்தான் ஓட்டுப் போடுவோம், ரத்தம் கொடுப்போம், காய்ச்சல் ஊசி குத்திக்கொள்வோம். கல்லறையிலிருந்து திரும்பினால் நேராகப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் வருவோம். பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லி, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி. வெளியூர்க்காரர் முகம் சுளிக்கும் சேர்க்கை, எங்களுக்கு அது இல்லாமல் சாவு முடியாது. வீட்டில் இணையம் வராத பண்ணைக்காரர்கள் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே உட்கார்ந்தபடியே வேலையை முடித்துக்கொண்டு போவார்கள். மல்யுத்த அணியின் உடுப்பைத் துவைக்கும் இயந்திரத்தில் சில வீட்டுத் துணிகளும் துவைபடும். லோரீன் பார்த்தும் பார்க்காத மாதிரி சோப்புத்தூள் வாங்கி வைப்பாள்.

* கையில் சம்பளம் ஒன்றுதான். பேருந்துக்குத் தனியாகக் கேட்கச் சொல்லி நானே பலமுறை சொன்னேன். "ஓட்டும்போதுதான் கொஞ்சம் நிம்மதியா இருக்கேன், அதுக்கு வேற காசா?" என்றாள்.

3

இனி அந்த ஒரே ஒரு பெண்.

ப்ரின் கோல்ட்டர்மன். வடக்குத் தடத்தின் கடைசிப் பண்ணை. சேர்ந்து படித்தவர்கள் ஒவ்வொருவராகக் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக, மேல்வகுப்புக்கு வந்தபோது அவள் ஒருத்திதான் மிச்சம். "வகுப்புல நான்தான் ஃபர்ஸ்ட்டு. கடைசியும் நான்தான். ஆகக்கூடி அப்பாவுக்குப் பெருமையும் இல்ல, கவலையும் இல்ல" என்பாள். இயற்பியல் நடத்த ஆள் கிடைக்காமல், வேறெங்கோ இருக்கும் ஆசிரியரைத் திரையில் கொண்டுவந்து அவள் ஒருத்திக்காக வைத்தோம். அவள் வீட்டுக்காகவே பேருந்து பெருஞ்சாலையை விட்டு மணல் பாதையில் சுற்றிக்கொண்டு போகும். போன குளிர்காலத்தில் அவள் அப்பா டுவைனை ஒரு காளை வேலியோடு வைத்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பு போயிற்று. (காளை நலம். நான்தான் பார்த்தேன்.) அவன் எழுந்து நடக்கும்வரை பள்ளிச் சமையலறையிலிருந்து அந்த வீட்டுக்குப் பேருந்தில் சாப்பாடு போயிற்று. லோரீனே கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவாள்.

இந்தப் பெண்தான் போன வாரம், பேருந்தில் எல்லாரும் இறங்கிய பிறகு, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"மிஸஸ் ஷிமெக், அடுத்த வாரம் சனிக்கிழம நான் வரல."

"எங்க வரல?"

"பட்டமளிப்புக்கு."

"அடிப் போடி. நீ வராம யாருக்குக் குடுக்கறது? எனக்கா?"

"நீங்களே வாங்கிக்கங்க. அந்தக் கவுன் உங்களுக்குத்தான் நல்லாருக்கும்."

லோரீன் சிரித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். ப்ரின் சிரிக்கவில்லை.

"உடம்பு சரியில்லயா?"

"இல்ல."

"வீட்ல எதாவது..."

"ஒண்ணும் இல்ல. வரல, அவ்ளோதான்."

பண்ணைக் கேட் வந்தது. இறங்கிப் போய்விட்டாள். லோரீன் பேருந்தைத் திருப்ப மறந்து அங்கேயே இருந்தாள். அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த ஊரில் பட்டம் வாங்கிய ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அவள்தான் வாசித்திருக்கிறாள். ஜூன் மாதம் சாவியைக் கொடுக்கும் முன் ஒரே ஒரு தடவை அந்த அரங்கம் நிரம்ப வேண்டும், அவள் ஒரு பெயரை வாசிக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அதுவும் போயிற்று.

4

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. ஏன் வரமாட்டேன் என்கிறாள்? நான் சில காரணங்கள் எழுதிப் பார்த்தேன்.

அம்மா இல்லாத பெண், விழா வழக்கப்படி மேடையில் அம்மா கையில் கொடுக்கும் ரோஜாப்பூவை வாங்க ஆள் இல்லை... (அம்மா இருக்கிறாள். பக்கத்து நகரத்தில் பல் மருத்துவரிடம் வேலை. நன்றாக இருக்கிறாள்.)

ஊரின்மேல் அவளுக்கு உள்ளூர ஒரு வெறுப்பு, அது சிறு வயதில் ஒருநாள்

இல்லை. அவளுக்கு ஊரைப் பிடிக்கும். அதுதான் சிக்கலே.

ஊராருக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. செய்தி பரவிய அன்றே மார்விஸ் என் வண்டியை மறித்து நின்றாள்.

"என்ன திமிரு பாத்தீங்களா டாக்டர்! அவங்கப்பன் இடுப்பொடைஞ்சு கெடந்தப்ப யாரு சாப்பாடு அனுப்பினா? அந்தச் சுருள் ரொட்டிய நான் என் கையால பண்ணேன், இந்த முட்டிவலியோட!"

வேறு வழியில்லாமல், எழுத்தாளர்கள் பொதுவாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். கதாபாத்திரத்தையே போய்க் கேட்டேன். கிடாரிகளுக்குத் தடுப்பூசி போட டுவைன் கூப்பிட்டிருந்தான். ப்ரின் கம்பிக்கூண்டில் மாட்டைத் தள்ளிவிட, நான் ஊசி போட்டுக்கொண்டே கேட்டேன்.

"டாக்டர், நீங்க எழவு வீட்டுக்குப் போயிருக்கீங்கல்ல?" என்றாள்.

"ம்."

"எல்லாரும் அழறாங்க, பழைய கத பேசறாங்க, வயிறாரச் சாப்பிடறாங்க. செத்தவரு மட்டும் நல்ல துணி போட்டுக்கிட்டு நடுவுல சும்மா படுத்திருக்காரு. சனிக்கிழம எனக்கு அந்த வேலதான் குடுத்திருக்கீங்க."

நான் ஊசியை மாற்றினேன்.

"ஸ்கூலுக்குத்தான் சாவு. அழறதுன்னா அழுங்க. அதுக்கு என்னய எதுக்கு அலங்காரம் பண்றீங்க? நன்றி சொல்லிப் பேச வேற சொல்றாங்க. மார்விஸ் என்ன பேசணும்னு சொல்லியும் குடுத்துட்டாங்க. எனக்கு நன்றி இல்லாம இல்ல டாக்டர். ஆனா கேக்காமயே..."

மாடு உதைத்தது. பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அவள் சொன்னது உண்மை. விழாவுக்காகத் தீயணைப்பு வண்டி ஊர்வலம்வரை ஏற்பாடு செய்த நாங்கள் யாரும், உனக்கு எப்படி வேண்டும் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. நல்லது செய்து செய்து பழகியவர்கள் நாங்கள், கேட்கும் பழக்கம் போய்விட்டது.

5

இனி வருவதை நான் பார்க்கவில்லை. லோரீன் சொன்னதையும் டுவைன் சொன்னதையும் ஒட்டி எழுதுகிறேன். (இந்தக் கதையில் தான் தமிழ் பேசுவது லோரீனுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்பாள்.)

ஞாயிற்றுக்கிழமை லோரீன் தன் சொந்தக் காரில் கோல்ட்டர்மன் பண்ணைக்குப் போனாள். டுவைன் கைத்தடியோடு கேட்டுக்கு வந்தான்.

"எங்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல லோரீன். நான் சொன்னா அவ கேக்கவும் மாட்டா, நான் சொல்லவும் மாட்டேன்."

ப்ரின் கொட்டகையில் கன்றுக்குட்டிகளின் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ரெண்டு மணி நேரம்மா. வந்து ஒக்காந்துட்டுப் போயிடு."

"ஊருக்காகக் கேக்கறீங்களா, உங்களுக்காகவா?"

லோரீன் பொய் சொல்லத் தெரிந்தவள்தான். கண்காணிப்பாளராக இருந்துகொண்டு தெரியாமல் முடியாது. ஆனால் அன்றைக்குப் பொய் வாயில் வரவில்லை.

"எனக்காக."

"அப்ப இன்னும் கஷ்டம் மிஸஸ் ஷிமெக். உங்களுக்காகன்னா வரணும்னு தோணும். வந்தா அன்னிக்குப் பூரா நடிக்கணும். உங்க முன்னால என்னால நடிக்க முடியாது."

லோரீனுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கோபத்தில் வாய் திறந்தாள்.

"உனக்காக நாங்க எவ்வளவு"

இந்தக் கதையில் நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாம், எனக்கு எழுத வராமல் விட்டவை. இது வேறு. இதன் மீதி லோரீனின் நாக்கு நுனியில் முழுசாக இருந்தது. சாப்பாடு, மணல் பாதை, திரையில் வந்த இயற்பியல், எல்லாம் வரிசையாக. சொல்லியிருந்தால் ப்ரின் வந்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கதவைத் தட்டிக் கொடுத்ததெல்லாம் அன்றோடு கடனாக மாறியிருக்கும். லோரீன் ஒரு புட்டியை எடுத்தாள்.

"இந்தத் தண்ணி ஆறிப்போச்சு. பாலாடை போகாது. வெந்நி எங்க இருக்கு?"

ப்ரின் காட்டினாள். இருவருமாக மிச்சப் புட்டிகளைக் கழுவி முடித்தார்கள். கிளம்பும்போது ப்ரின் கேட்டாள்.

"கோவமா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான். நாளைக்கு பஸ் வழக்கம்போல வரும். லேட் பண்ணாத."

6

முடிவுகள்.

முதலாவது: விழா தொடங்கிய பிறகு பின்கதவு திறக்கிறது. சேறு படிந்த பூட்ஸோடு ப்ரின். அரங்கமே எழுந்து நிற்கிறது. இதை என் மனைவி படித்துவிட்டு அழுதாள். உடனே எனக்குச் சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன். "நல்லாத்தான இருந்துச்சு" என்று இன்னமும் சொல்கிறாள்.

இரண்டாவது: அவள் வரவில்லை. மார்விஸ் மைக்கைப் பிடுங்கி, சாப்பாட்டிலிருந்து சோப்புத்தூள்வரை எல்லாவற்றையும் சொல்லிக்காட்டுகிறாள். விறுவிறுப்பாக எழுத வந்தது. எழுதும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதனால் இதுவும் வேண்டாம்.

மூன்றாவது: ஊரில் இதுவரை பட்டம் வாங்கிய கிழவர்களெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையாக மேடையேறி

சினிமா.

7

இன்று வியாழக்கிழமை. விழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இதை முடித்துவிட வேண்டும், பிறகு எழுதினால் செய்தியாகிவிடும். அதனால் இன்று மத்தியானம் அரங்கத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நாங்கள் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம். மார்விஸ் மேடை நடுவில் ஒரே ஒரு நாற்காலியை வைத்து, நீல ரிப்பன் கட்டி, விளக்கையும் அதன்மேல் திருப்பிவிட்டாள்.

"வந்தா ஒக்காரட்டும். வரலன்னா காலியாவே இருக்கட்டும். எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

லோரீன் மேடையேறினாள். ரிப்பனை அவிழ்த்தாள். நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, மற்ற வரிசைகளோடு போட்டாள்.

"என்ன பண்ற நீ?"

"அந்த எடத்துல இருந்தா அது அவளக் குத்திக்காட்டிக்கிட்டே இருக்கும் மார்விஸ். வேணாம்."

"அப்ப அவ வந்தா எங்க ஒக்காருவா?"

"நாம ஒக்கார்ற எடத்துல."

"நன்றி சொல்றது?"

"நான் சொல்றேன்."

"யாருக்கு?"

"அவளுக்கு. மத்த பிள்ளைங்க போனப்பவே இவளும் போயிருந்தா, மேல்வகுப்ப அன்னிக்கே பூட்டிருப்போம், பின்னாலயே ஸ்கூலயும். நீ சமையலறைல இருந்திருக்க மாட்ட, நான் பஸ் ஓட்டிருக்க மாட்டேன். அவ ஒருத்தி தெனமும் கேட்ல நின்னா. அதனாலதான் இத்தன நாள் நாம ஓடிட்டிருந்தோம். ஒருத்தராவது அவகிட்ட அதச் சொன்னமா?"

மார்விஸ் மேடையேறினாள். அவிழ்ந்து கிடந்த ரிப்பனை எடுத்துச் சுற்றிச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு விளக்கை அணைக்கப் போனாள்.

எனக்கு இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. ஆகவே மீதி உங்களுடையது. சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள், தெற்குக் கதவு திறந்திருக்கும். எந்த வரிசையிலும் உட்காரலாம். கொஞ்ச நேரத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாலும் உட்காரலாம். கவுன் போட்டிருக்க மாட்டாள், யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரென்று உங்களுக்குத் தெரியும். அவளுக்காக ஊர் என்னென்ன செய்தது என்பதும் தெரியும், நானே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவளிடம் ஏதாவது பேசத்தானே வேண்டும்? நான் மேடையில் இருப்பேன், வார்த்தை எடுத்துக்கொடுக்க முடியாது.